மொனீர் கானுமின் புருஷன்

தெஹ்ரானுக்கு வெளியே மலையடியில் எழுந்த பர்தீஸ் ஊரின் பதினோராம் பகுதியில் லிஃப்ட் ஓடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குளிர்காலத்தில் அது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுபோய், கதவில் ஒட்டிய அறிவிப்புக் காகிதமே பழுப்பேறிவிட்டது. குழாயிலும் தண்ணீர் மூன்றாம் மாடிக்கு மேல் ஏறவில்லை. ஐந்தாம் மாடியில் குடியிருந்த யாவர் என்பவன் ஒரு கையால் கைப்பிடிக் கம்பியையும் மறு கையால் தண்ணீர்க் கேனையும் பிடித்துக்கொண்டு, இடது காலைப் பக்கவாட்டில் எடுத்துவைத்து ஐந்து மாடி ஏறுவான். மாடிக்கு மாடி கேனை இறக்கிவைத்து இடுப்பைத் தேய்த்துக்கொள்வான். மலையிலிருந்து இறங்கும் காற்று படிக்கட்டின் உடைந்த கண்ணாடி வழியே வந்து முதுகில் அறையும்.

அந்தக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர்களில் அவனும் ஒருவன். நாலாம் மாடி உயரத்தில் இரும்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றைப் பலகையில் கைவீசி நடந்தவன். தெஹ்ரானைச் சுற்றி மலிவாக வீடு கிடைக்கிற இடம் பர்தீஸ் என்று ஆனபோது, தான் கட்டிய சாரத்துக்கு உள்ளேயே ஒரு வீட்டை எழுதி வாங்கினான். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படியொரு பலகையிலிருந்துதான் கீழே போனான். இடுப்பில் தகடு வைத்தார்கள். அதற்குப் பிறகு சம்பாதிப்பது மனைவி மொனீர், சமைப்பது யாவர் என்று ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் ஒருவரை விட்டால் ஒருவர்தான்.

மொனீர் தெஹ்ரானில் ஜொம்ஹூரி தெருப் பக்கம் கல்யாண உடை தைக்கும் பட்டறையில் மணி கோக்கிறவள். காலை ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கினால் சாயங்காலம் ஏழரைக்கு ஏறி வருவாள். போகவர நாலு மணி நேரம் ரோட்டிலேயே கழியும். விடியும்முன் ஊர் பூராவும் இப்படித்தான் மலையைக் குடைந்த சுரங்கப் பாதைகளுக்குள் நுழைந்து நகரத்துக்குப் போய்விடும். பகலில் பதினோராம் பகுதியில் மிஞ்சுவது காற்று, வயதானவர்கள், பெண்கள், அவர்களோடு யாவர்.

ரொட்டி வரிசையில் முதலில் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. எந்தக் கடையில் கீரை மண்ணில்லாமல் வரும், காய்ந்த எலுமிச்சையைக் குழம்பில் எப்போது கீறிப் போட வேண்டும், சோற்றின் அடியில் காந்தல் பொன்னிறமாகப் பிடிக்க அடுப்பை எவ்வளவு தணிக்க வேண்டும் என்பதெல்லாம் கைவந்துவிட்டது. இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் எதிர்வீட்டு எஃபத் கானும்; 'கானும்' என்பது பெண்களின் பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல். புருஷனை இழந்தவள், அறுபது வயதுக்காரி, எந்நேரமும் கையில் கம்பளிநூல். நாக்கும் அந்த ஊசிகளைப் போலவே சும்மா இருக்காது.

ஒருநாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டே எஃபத் கானும் கேட்டாள்.

"ஏன் தம்பி, மொனீர் இப்பல்லாம் யார் கார்ல போறா?"

எப்போதும் போகிற கார்தான் என்றான் யாவர். நாதெர் என்று ஒருவர், ஒன்பதாம் பகுதிக்காரர், தன் வேலைக்குப் போகிற வழியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகிறார், இரண்டு வருஷமாக அதில்தான் போகிறாள் என்று சொன்னான்.

"அது சரி. என் சமையல்கட்டு ஜன்னல்லருந்து ரவுண்டானா நல்லாத் தெரியும். முன்னாடிதான் உட்கார்றா. அவன் என்னமோ சொல்றான், இவ தலையப் பின்னால சாச்சிச் சிரிக்கிறா. அந்த நேரத்துல, அந்தக் குளிர்ல, எனக்கெல்லாம் வாயைத் திறக்கவே முடியாது." கீரைத் தண்டை உடைத்துக் குப்பையில் போட்டாள். "நல்லாச் சிரிக்கட்டும். பாவம், கஷ்டப்படற பொண்ணு."

அவ்வளவுதான் சொன்னாள். யாவர் அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டான்.

மறுநாள் மொனீர் இறங்கிப் போனதும், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினான். பனி மொறுமொறுவென்று காலடியில் உடைந்தது. கீழே ரவுண்டானாவில் மஞ்சள் விளக்கடியில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கதவு திறந்தபோது உள்ளே விளக்கு எரிந்தது. மொனீர் முன்னால் ஏறிக் கைப்பையை மடியில் வைத்தாள். ஓட்டுகிறவன் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். அத்தனை உயரத்திலிருந்து முகம் தெரியவில்லை, தலை பின்னால் சாய்வது மட்டும் தெரிந்தது. கதவு மூடியதும் விளக்கு அணைந்து, கார் சரிவில் இறங்கிப் போயிற்று.

யாவர் அங்கேயே நின்றான். அப்படி அவள் சிரித்து அவன் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான். வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழற்றுவாள், சாப்பிடுவாள், நன்றாயிருக்கிறது என்பாள், விரல் நுனிகளில் எண்ணெய் தேய்த்துக்கொள்வாள், தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். விழித்திருக்கிற மொனீர் அந்தக் காருக்குத்தான் கிடைக்கிறாள். தூங்குகிற மொனீர்தான் தனக்கு. இந்தக் கணக்கு மனதில் பட்டதும் தொட்டியைப் பார்க்காமலே கீழே இறங்கினான்.

அதன்பிறகு ஒவ்வொன்றும் கண்ணில் குத்த ஆரம்பித்தது. அவள் பேச்சில் தனக்குத் தெரியாத ஒரு வேடிக்கை வந்தால், இது அவன் சொன்னது என்று தோன்றும். கைப்பையில் ஒரு கமலா ஆரஞ்சு இருந்தால் யார் கொடுத்தது என்று கேட்பான். கறுப்புத் தலைத்துணிக்குப் பதிலாக நீலத்தை எடுத்தால் இன்றைக்கு என்ன விசேஷம் என்பான். அவள் துணி காயவில்லை என்று பதில் சொல்லிவிட்டுப் போவாள். தினமும் மொட்டைமாடிக்கு ஏறினான். இடுப்பு வலித்தது. ஏறாமல் இருந்தால் அதைவிட அதிகமாக எங்கோ வலித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, அவளுக்கு விடுமுறை நாள், மதியச் சாப்பாட்டில் வாய்விட்டே சொன்னான். இனி பேருந்தில் போ என்றான்.

பேருந்துக்கு நாலரைக்கே இறங்க வேண்டும், சுரங்கம் முழுக்க நின்றுகொண்டே போக வேண்டும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அப்படியென்றால் காரில் பின்னால் உட்கார் என்றான்.

மொனீர் கரண்டியைக் கீழே வைத்தாள். "பின்னாடி மூணு ஆம்பளைங்க உட்கார்றாங்க. அவங்க நடுவுல இடிச்சிக்கிட்டு நான் உட்காரணுமா? அதுதான் உனக்குச் சரின்னா சொல்லு, உட்கார்றேன்."

யாவர் வேறு பக்கம் தாவினான். "அவன் அப்படி என்னதான் சொல்றான், நீ அந்தச் சிரிப்பு சிரிக்கிறே?"

"யார் சொன்னா நான் சிரிக்கிறேன்னு?"

"நானே பார்த்தேன்."

"எங்கருந்து?"

மொட்டைமாடியிலிருந்து என்று சொல்லாமல் தட்டைத் தள்ளிவைத்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். கோபம் வரவில்லை, ஒரு பயம் வந்து போயிற்று. அந்தப் பயத்தை அவன் குறித்துவைத்துக்கொண்டான். ஒன்றும் இல்லாவிட்டால் இவள் ஏன் பயப்பட வேண்டும்?

செவ்வாய்க்கிழமை மொனீர் காய்ச்சலோடு வந்து விழுந்தாள். புதன்கிழமை வரவில்லை என்று பட்டறைக்கும் காருக்கும் செய்தி அனுப்பிவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். யாவர் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டு, காய்ச்சலுக்குக் கேட்குமென்று டர்னிப் கிழங்கு வேகவைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டான். ஆனால் புதன்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு, அவள் அயர்ந்து தூங்கும்போது, கோட்டை மாட்டிக்கொண்டு கைத்தடியை எடுத்தான். அந்த நாதெரின் முகத்துக்கு நேராக நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: இனி என் மனைவி உன் காரில் வரமாட்டாள். படியிறங்கும்போது அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ரவுண்டானாவில் காற்று நிற்கவிடாமல் தள்ளியது. கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியதும் உள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பல் ஒன்று இல்லை, காதை மூடிய கம்பளித் தொப்பி. இந்த முகமா என்று யாவருக்கு முதலில் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"தெஹ்ரான்பார்ஸ் வரைக்கும்தானே அண்ணே? ஏறுங்க, இன்னைக்கு ஒரு இடம் காலி. இந்தக் காத்துல தடியோட நின்னா உங்களையும் தூக்கிட்டுப் போயிடும்."

சொல்ல வந்த வாக்கியத்தை யாவர் தள்ளிப்போட்டான். உள்ளே வைத்துச் சொல்லலாம், எல்லோரும் கேட்கச் சொல்லலாம் என்று நினைத்து ஏறினான். முன் இருக்கை மெத்தென்று இருந்தது. கால் வைக்கிற இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளை மணி கிடந்தது. மொனீரின் உடையிலிருந்து உதிர்ந்ததாக இருக்கும்.

பின்னால் மூன்று பேர். வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அதாயீ என்ற பெரியவர், மருந்துக்கடைச் சிப்பந்தி கொபாத், ஏறியதும் தூங்கிவிடுவதால் பெயரே யாருக்கும் தெரியாத ஒருவர். நாதெரே இப்படி எல்லோரையும் அறிமுகம் செய்துவைத்தான். யாவர் தன் பெயரைச் சொல்லவில்லை.

கார் சரிவில் இறங்கி நெடுஞ்சாலையில் ஏறியது. யாவர் வாயைத் திறக்கப் போகும்போது பின்னாலிருந்து அதாயீ கேட்டார்.

"மொனீர் கானுமுக்கு என்னவாம்?"

"காய்ச்சல்னு செய்தி போட்டிருக்காங்க ஐயா. பாவம், தனியா இருக்கிற பொம்பளை. ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுக்க ஆளில்ல. அவர் எந்த வாரம் வர்றார்னு தெரியலையே" என்றான் நாதெர்.

"யார்?" என்றான் யாவர்.

"அவங்க வீட்டுக்காரர் அண்ணே. தெற்கே அஸலூயேல இருக்காரு, கடலோரத்துல, எரிவாயு ஆலையில. ரெண்டு வாரம் வேலை, ரெண்டு வாரம் லீவு. சாரம் கட்டற மேஸ்திரி. சாதாரண ஆளில்ல."

சுரங்கம் வந்துவிட்டது. மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக முகத்தின் மேல் ஓடின. யாவருக்குக் காதில் காற்று அடைத்தது சுரங்கத்தாலா வேறெதனாலா என்று தெரியவில்லை.

நாதெர் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனான். போன மாதம் அந்த மனிதர் ஐஸ் பெட்டியில் இறால் அனுப்பியிருந்தாராம். மொனீர் கானும் வறுத்துக்கொண்டு வந்து இவர்களுக்கெல்லாம் கொடுத்தார்களாம். கொபாத் பின்னாலிருந்து, ரோட்டோரம் நிறுத்தித் தின்றோம், விரலைச் சூப்பினோம் என்றான். அந்த இறால் யாவருக்கு ஞாபகம் வந்தது. பட்டறை முதலாளி எல்லோருக்கும் கொடுத்தார் என்று சொல்லி ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். மஞ்சள் தடவி, பூண்டு தட்டிப் போட்டு, எண்ணெய் தெறித்துக் கையைச் சுட்டுக்கொண்டு வறுத்தது அவன். அனுப்பியவன் வேறொருவன்.

"எனக்கு ஒரு தடவை அந்த ஆளப் பார்க்கணும்" என்றான் நாதெர். "பார்த்து ரெண்டு கேள்வி கேட்கணும். அவரைப் பத்தி இங்க கேட்டுட்டுப் போய் வீட்டுல ஒருநாள் வாய்தவறிச் சொல்லிட்டேன். அன்னையிலருந்து என் பொண்டாட்டி என்னைக் காய்ச்சி எடுக்கறா. மொனீர் கானும் புருஷன் ராத்திரி தவறாம ஃபோன் பண்றாரு, மொனீர் கானும் புருஷன் லீவுல வந்தா சமையல்கட்டுல அவங்கள நுழையவே விடறதில்ல. முகம் தெரியாத ஒருத்தனால என் வீட்டுல எனக்குச் சோறு ஒழுங்கா வரமாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். தூங்குகிறவர்கூட லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

யாவர் கேட்டான்: "ஆளு எப்படி இருப்பாராம்?"

"நல்ல உயரமாம். நாலாம் மாடி உயரத்துல ஒத்தப் பலகையில, தோள்ல இரும்புக் குழாயோட, கைய வீசிக்கிட்டு நடப்பாராம். கீழ நின்னு பார்க்கறவனுக்குத்தான் தலை சுத்துமாம். அதச் சொல்லும்போது மட்டும் அந்தம்மா முகத்தப் பார்க்கணும் நீங்க." நாதெர் கியரை மாற்றினான். "அண்ணே, உங்க கால்ல என்ன?"

"விழுந்துட்டேன்."

"எங்கருந்து?"

"மூணாம் மாடிலருந்து."

நாதெர் நாக்கைத் தட்டி அனுதாபப்பட்டான். "இப்ப என்ன வேலை?"

"வீட்டுல இருக்கேன். சமைப்பேன்."

"அதுவும் வேலைதான்" என்றார் அதாயீ, மரியாதைக்காக. பிறகு நாதெர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லாம் விதி அண்ணே, அந்த மொனீர் கானும் புருஷன் மாதிரிச் சிலர் மட்டும் விழறதே இல்ல, அதுக்குன்னே பொறந்திருக்காங்க என்றான்.

அன்றைக்கு நாதெரின் மேல் யாவருக்கு இருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இந்தப் பல்லில்லாதவன் இரண்டு வருஷமாகத் தன்னைப்போலவே வயிறு எரிந்துகொண்டு இருக்கிறான். இருவருக்கும் ஒரே எதிரி. அந்த எதிரி உயரமானவன், உப்புக்காற்றில் கறுத்தவன், லீவில் இரண்டு காலாலும் நடந்து வருகிறவன். யாவர் அவனை மனக்கண்ணால் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுடைய தோளும் கையும் நடையும் தெரிந்தவையாகவே இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவையெல்லாம் தன்னுடையவை. அதனால் பொறாமை குறையவில்லை, இன்னும் உள்ளே இறங்கியது.

நகரம் தொடங்குகிற தெஹ்ரான்பார்ஸில் இறங்கிக்கொண்டான். நாதெர் காசு வாங்க மறுத்துவிட்டான். காலி இருக்கைதானே அண்ணே, அந்தம்மா சீக்கிரம் குணமாகட்டும்னு நினைச்சுக்குங்க என்றான். யாவர் விடிந்துகொண்டிருந்த தெருவில் கொஞ்ச நேரம் நின்றான். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனார்கள். பிறகு எதிர்ப்பக்கம் போய், பர்தீஸுக்குத் திரும்புகிற பேருந்தில் ஏறினான். அந்த நேரத்தில் அது காலியாகத்தான் போயிற்று.

வீட்டுக்குள் நுழைந்தபோது மொனீர் போர்வையைப் போர்த்தியபடி சமையல்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"எங்க போனே? எஃபத் கானும் வீட்டுலகூடத் தேடினேன்."

யாவர் தடியைச் சுவரில் சாய்த்துவைத்தான். கோட்டைக் கழற்றாமலே சொன்னான்:

"அஸலூயேலருந்து வர்றேன்."

அவள் கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. கெட்டிலில் தண்ணீர் கொதித்துச் சத்தம் போட்டது. இருவரும் அதை அணைக்கவில்லை.

"கார்ல போனியா?" என்றாள் கடைசியில்.

"உன் இடத்துலதான் உட்கார்ந்து போனேன். நான் யாருன்னு சொல்லல. சொல்லியிருந்தா எவனும் நம்பியிருக்க மாட்டான்." கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். "வெளிய சொல்ல முடியாத அளவுக்கு அசிங்கமாவா இருக்கேன் நான்? ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டுட்டு வந்திருக்கியே."

மொனீர் அழவில்லை. காய்ச்சலில் வறண்ட குரலில், மெதுவாகச் சொன்னாள். காரில் ஏறிய முதல் வாரம் அது பொய்யே இல்லை. அவனுக்கு அஸலூயேவில் வேலை கிடைத்திருந்தது, டிக்கெட்கூட வாங்கியிருந்தார்கள், அடுத்த வாரம் போகிறார் என்று பெருமையாகச் சொன்னாள். அந்த வாரத்திலேயே அவன் விழுந்தான். பத்து நாள் அவள் எங்கும் போகவில்லை.

"திரும்பப் போன அன்னைக்கு அதாயீ ஐயா கேட்டாரு, 'நல்லபடியாப் போய்ச் சேர்ந்தாரா'ன்னு. நீ ஆஸ்பத்திரில கால்ல எடை கட்டித் தொங்கவிட்டுக் கிடந்தே. சேர்ந்துட்டார்னு வாயில வந்துடுச்சு. அவ்வளவுதான். நாள் முழுக்க உன்ன நினைச்சு நினைச்சு மணி கோத்தேன், எல்லாம் கோணலாப் போச்சு. வீட்டுக்கு வந்தா உன் முகத்தப் பார்க்க முடியல. அந்தக் கார்ல இருந்த நேரம் மட்டும்தான் நீ நல்லா இருந்தே." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கார்ல நீ விழவே இல்ல, யாவர்."

அவன் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கெட்டிலை அணைத்தான்.

"இறால்?"

"நான்தான் வாங்கினேன். பின்ன எப்படி? தெற்குல இருக்கிறவன் ரெண்டு வருஷமா ஒரு இறாலக்கூட அனுப்பலன்னா என்ன நினைப்பாங்க. என் பாடு உனக்குத் தெரியாது. அவனுக்கு லீவு வர்ற வாரமெல்லாம் நான் சந்தோஷமா ஏறணும். போற வாரம் முகத்தத் தொங்கப்போட்டுக்கணும். நாட்காட்டியில குறிச்சு வச்சிருக்கேன். நாதெர் அதச் சொல்லித்தான் கிண்டல் பண்ணுவான், இன்னைக்கு முகத்தப் பார்த்தா விமானம் இறங்கிடுச்சு போலன்னு. அதுக்குத்தான் சிரிப்பேன்."

"லீவுல வந்தா என்ன பண்ணுவான் அவன்?"

மொனீர் கெட்டிலைப் பார்த்தாள். அவன் மறுபடியும் கேட்டான்.

"வேணாம் யாவர்."

"சொல்லு."

"போன வசந்தத்துல மலைக்குக் கூட்டிட்டுப் போனான். சிவப்புப் பூ பூத்திருந்துச்சு."

"நடந்தா?"

"நடந்துதான்" என்றாள், மிகவும் சின்னக் குரலில்.

யாவருக்கு, உலகத்திலேயே இல்லாத ஒருவனுடைய கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலிருந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போனான். வெளியே அந்த மலைதான் தெரிந்தது. அங்கிருந்தபடியே, திரும்பாமல் சொன்னான்:

"அவனைக் கீழ தள்ளிடு. சனிக்கிழமை போய்ச் சொல்லு, ஆலையில விழுந்துட்டான்னு. இடுப்புல தகடு வச்சாச்சு, ஊருக்குக் கொண்டுவந்தாச்சு, இனிமே வீட்டோடதான்னு சொல்லு. அழு, ரெண்டு நாள் போகாத. எவனும் சந்தேகப்பட மாட்டான். உன் மரியாதையும் போகாது, அவனும் ஒழிவான்."

அது நல்ல யோசனைதான். சொல்லும்போதே அவனுக்கு ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. பின்னால் சத்தமே இல்லாததால் திரும்பிப் பார்த்தான். அதுவரை அழாத மொனீர் இப்போது அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு தடவை பார்த்தது போதாதா? கீழ நின்னுக்கிட்டிருந்தேன் நான் அன்னைக்கு. எனக்கு லீவு, உனக்குச் சாப்பாடு கொண்டுவந்து நிமிர்ந்து பார்த்தப்பதான் பலகை போச்சு. மறுபடியும் என் வாயாலயே உன்ன விழ வைக்கச் சொல்றியா?" முகத்தைப் போர்வையால் துடைத்தாள். "மாட்டேன். வேணும்னா உள்ளதச் சொல்றேன். பொய் சொன்னேன்னு சொல்லிட்டுப் போறேன். என்ன நினைச்சாலும் நினைச்சுக்கட்டும்."

யாவர் அவள் அருகில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கொதித்தது. ஒன்றும் பேசாமல் அவளை எழுப்பிக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இருவரும் தள்ளாடித்தான் போனார்கள். யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

வியாழனும் வெள்ளியும் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. சனிக்கிழமை காலை அவள் கிளம்பும்போது, சொல்லப் போகிறாயா என்று கேட்க நினைத்தான், கேட்கவில்லை. மொட்டைமாடிக்கும் ஏறவில்லை. பகல் முழுக்க வேலை ஓடவில்லை. எஃபத் கானும் கதவைத் தட்டி, இன்றைக்கு உன் பெண்டாட்டி சிரிக்கவில்லையே, சண்டையா என்று விசாரித்தாள். அக்கா, உங்கள் சமையல்கட்டு ஜன்னலுக்கு ஒரு திரை தைத்துத் தரச் சொல்கிறேன், மொனீர் நன்றாகத் தைப்பாள் என்றான் யாவர். அவள் கம்பளிநூலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஏழரைக்கு மொனீர் வந்தாள். கோட்டைக் கழற்றினாள், கை கழுவினாள், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். யாவர் சோற்றைக் கவிழ்த்துக் காந்தலை உடைத்துப் பெரிய துண்டாக அவள் பக்கம் வைத்தான். அவள் கடித்தாள். கேட்பதா வேண்டாமா என்று அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சொல்லிட்டேன்" என்றாள்.

முதல் சுரங்கத்துக்குள் நுழையும்போது சொன்னாளாம். சுரங்கத்து இரைச்சலில் சொன்னால் பாதி கேட்காதே என்று காத்திருந்தாளாம். சொல்லி முடிப்பதற்குள் சுரங்கம் முடிந்து இரைச்சல் அடங்கிவிட்டதாம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் சுரங்கமும் போயிற்று. அதாயீ மட்டும் தொண்டையைக் கனைத்துவிட்டு, என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, நான்கு வருஷமாக அவனிடமிருந்து பேச்சில்லை அம்மா என்றாராம்.

"நாதெர்?"

"அவன் ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்து ஓட்டினான். திடீர்னு கேட்டான், 'அப்ப புதன்கிழமை இங்க உட்கார்ந்து வந்தாரே தடியோட?' அவர்தான்னேன். பிரேக்கப் போட்டுட்டான். பின்னாடி வந்த லாரிக்காரன் திட்டித் தீர்த்துட்டான். அந்தத் தூங்கறவர்கூட எழுந்து உட்கார்ந்துட்டாரு. நாதெர் தொப்பியக் கழட்டித் தலையச் சொறிஞ்சான். 'அட பாவி, மனுஷன் மூச்சு விடாம எல்லாத்தையும் கேட்டுட்டு, காசு வேணுமான்னு வேற கேட்டாரே'ன்னு சொன்னான்." மொனீர் பல்லில்லாத அந்த வாயை அப்படியே செய்துகாட்டினாள், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு யாவருக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. நாதெரை அவள் அத்தனை அச்சாகச் செய்துகாட்ட வேண்டுமென்றால் எத்தனை நாள் எத்தனை நேரம் பார்த்திருக்க வேண்டும். குத்தட்டும் என்று இருந்தான். சோற்றை அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டான். அவளுக்குக் கண் செருக இன்னும் நேரம் இருந்தது.

"அப்புறம்?" என்றான்.